அளந்தவனுக்கு மதிப்பெண் எங்கே?

ஆவியாதல் என்றால் என்ன என்று வினாத்தாள் கேட்கின்றது. நெட்டுருப் போட்ட மாணவன் இரண்டு வரி எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றான். தன் ஊர் ஏரி கோடையில் வற்றுவது ஆவியாதலாலா, அடிமண் உறிஞ்சுவதாலா, மதகுக் கசிவாலா என்று அவனையே கேட்டுப் பாருங்கள், விழிப்பான். அவன் கற்றது சொல், பொருளன்று. இதனை அறிவியற் கல்வி என்பது எத்துணைப் பேதைமை!

வடபுலத்தில் ஒரு நன்முயற்சி நடந்தது. நல்லது எங்கிருப்பினும் எடுத்துரைக்க நமக்குத் தயக்கமில்லை. மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்து மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் புதியதோர் அறிவியற் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் தோன்றிய ஏகலவியா என்னும் அமைப்பு பின்னர் அதனை ஏற்று நடத்தியது. 6 முதல் 8 வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் குழுக்குழுவாகத் தாமே ஆய்ந்தனர், வயலுக்குச் சென்றனர், கண்டதைத் தம் நடையில் இந்தியில் எழுதினர். (அவர் மொழி அவர்க்கு, அதில் நமக்குப் பிணக்கில்லை.) தேர்வின்போது நூலையும் குறிப்பேட்டையும் உடன் வைத்துக்கொள்ளலாம். நூலைப் புரட்டினால் விடை கிட்டாதவாறு வினாக்கள் அமைந்திருந்தன. செய்முறைத் தேர்வும் உண்டு. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது!

நம் நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. ஆயின் அங்கும் விடை முன்னரே தெரிந்த ஆய்வுகளே. செயல்திட்டம் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதோ பெருவேடிக்கை. கடையில் வாங்கிய படம், தந்தை வெட்டிய அட்டை, தாயின் முத்துமுத்தான கையெழுத்து! மதிப்பெண் பெறுவோர் பெற்றோரே அன்றோ?

வேறென்ன செய்யலாம்? பிள்ளைகள் ஐவர் ஊரில் நான்கு கிணறுகளைத் தேர்ந்து, கல் கட்டிய கயிற்றால் கிழமைதோறும் நீர்மட்டம் அளக்கட்டும், நாளிட்டு எழுதட்டும். மழைக்குப்பின் எக்கிணறு முதலில் ஏறியது? ஆழ்துளைக் கிணற்றை அடுத்திருப்பது ஏன் இறங்கியது? பிறகு ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியே வினவுக. ஒரே நாளில் இருமுறை அளந்தபோது வேறுபட்டதா? நினைத்ததற்கு மாறாக வந்த அளவை என்செய்தாய்? 'திருத்திவிட்டேன்' என்பவனுக்குக் குறைக்க. 'வந்தவாறே எழுதினேன்' என்பவனுக்குக் கூட்டுக. பிறர் செய்து கொடுத்த வேலை இவ்வினாக்கள்முன் ஒரு நொடியும் நில்லாது.

இங்கேதான் மொழி வந்து நிற்கின்றது. ஊற்று, மடை, கலங்கல், வண்டல் என்பன அப்பிள்ளை பாட்டனிடம் கேட்டறிந்த சொற்கள். அவற்றைக்கொண்டு அவன் தெளிவாக விளக்குவான். ஆங்கிலவழிப் பள்ளியிலோ அவன் அறிந்ததெல்லாம் வாயிலுக்கு வெளியே நிற்கும். அறியாத சொல்லே விடைத்தாளில் ஏறும். தமிழ்ச் சொல் தெரியாத ஆசிரியர் அவன் அறிவை எங்ஙனம் அளப்பார்?

ஐம்பது பிள்ளைகளை ஓராசிரியர் எவ்வாறு வினவுவார், வேண்டியவர்க்கு வாரி வழங்கமாட்டாரா என்பர். ஐயம் முறையானதே. ஆண்டுக்கு ஒரு திட்டம் போதும், குழுவாகச் செய்யட்டும், அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் வந்து வினவட்டும். அந்த 25-இல் 10 மதிப்பெண்ணை இதற்கென ஒதுக்கக் கல்வித்துறை முன்வருமா?