கண்ணாடி மணிகளும் கைகளின் விலையும்

நத்தார்ப் பண்டிகை அண்மிக்குந்தோறும் கடைவீதிகளிலே மின்னும் அலங்காரப் பொருள்களைக் காண்கிறோம். வாங்குகிறோம், தொங்கவிடுகிறோம், தை பிறந்ததும் கழற்றிப் பெட்டியிலிடுகிறோம். இவற்றைச் செய்தவர் யாவர், எவ்வாறு செய்தனர் என்னும் வினா நம்முள்ளத்தில் எழுவது அரிது. அவ்வினாவை எனக்குள் எழுப்பியது ஒரு செய்தி. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே யுனெஸ்கோ நிறுவனம், செக் நாட்டின் வடபகுதியில் கண்ணாடி மணிகளை ஊதிக் கோத்து நத்தார் மர அலங்காரங்களைக் கையாற் செய்யும் தொழிலை, மனித குலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டிலே, கையாற் கண்ணாடி செய்யும் அறிவும் திறனும் ஆறு ஐரோப்பிய நாடுகளின் பெயரால் அப்பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஏறிய கைத்தொழில் பிழைத்துவிடுமா? இதுவே ஈண்டு நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

முதலிலே தொழிலை அறிந்துகொள்வோம். பொஹீமியாவின் வட எல்லையில் உயர்ந்து நிற்கும் மலைத்தொடரின் அடிவாரத்திலே பொனிக்லா என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தீச்சுவாலையில் இளக்கி, பித்தளை அச்சிலே வைத்து, வாயால் ஊதுகிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய மணிகளின் நிரையொன்று உருவாகின்றது. அதன் உட்புறத்துக்கு வெள்ளிப் பூச்சு ஊட்டி, வெளிப்புறத்துக்கு நிறமேற்றிக் கோலமிட்டு, பின்னர் மணி மணியாக வெட்டுகிறார்கள். அம்மணிகளைக் கம்பியிலே கோத்து நட்சத்திரங்களாகவும் பிற உருவங்களாகவும் வளைக்கிறார்கள். ஒரு சிறு நட்சத்திரம் இத்தனை கைகளைத் தாண்டியே மரக்கிளையை அடைகின்றது.

இத்தொழில் ஆதிகாலந்தொட்டு மாறாது வந்த மரபு என்று எண்ணிவிடலாகாது. இம்மணிகள் முன்னாளிலே நாட்டுப்புற ஆடைகளை அணிசெய்யவே பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆடை நாகரிகம் மாறிற்று. மணிகளை வாங்குவார் குறைந்தனர். அந்நெருக்கடியிலேதான் தொழிலாளர் நத்தார் மரத்தை நாடினர். இன்று நாம் மரபு எனப் போற்றுவது, ஒரு காலத்திலே பிழைப்புக்காகச் செய்துகொண்ட மாற்றமேயாகும். மாற மறுத்த கைப்பணி அழிந்தொழிய, மாறியது மரபென நிலைத்தது.

குடும்பம் முழுவதும் கூடியிருந்து அலங்காரம் செய்வது இனிய காட்சி. ஆனால் அக்காட்சியின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள லௌஷா என்னும் ஊரிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாகக் கண்ணாடி நத்தார் உருண்டைகள் செய்யப்பட்டன. தந்தை ஊதுவார், தாய் வெள்ளி பூசுவார், பிள்ளைகள் நிறந்தீட்டவும் பெட்டியிலடுக்கவும் உதவுவர். 1880களிலே அமெரிக்க வணிகர் வூல்வேர்த் அவற்றைப் பெருந்தொகையாக வாங்கி மலிவு விலைக்கு விற்றுப் பெருஞ் செல்வம் ஈட்டினார். ஊதியவர்களின் வீட்டிலோ வறுமை நீங்கிற்றில்லை. குடும்பத்தின் அன்பும் குடும்பத்தின் உழைப்பும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தன; விலை பேசப்பட்டது உழைப்புக்கு மட்டுமே.

அரசியலும் இம்மணிகளை விட்டுவைக்கவில்லை. வட பொஹீமியாவின் யப்லொனெட்ஸ் நகரம் உலகெங்கும் கண்ணாடி மணிகளை அனுப்பிய நகரம். இந்தியாவுக்குக் கண்ணாடி வளையல்களும் அங்கிருந்து சென்றதுண்டு. 1945ஆம் ஆண்டின் பின்னர் அப்பகுதியின் ஜேர்மன் மொழி பேசும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு சாரார் பவேரியாவிலே புதிய ஊரொன்றை அமைத்து அதே தொழிலைத் தொடர்ந்தனர். மண் பறிபோன பின்னும் கையறிவு அவர்களுடனேயே சென்றது. ஊர்விட்டுப் பெயர்ந்த அனுபவமுடைய நம்மவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இக்காலத்து நிலை வேறு. சீனாவின் யீவூ நகரச் சந்தையிலிருந்து உலகின் நத்தார் அலங்காரங்களிற் பெரும்பகுதி செல்கின்றது. 2022ஆம் ஆண்டு உக்ரேன் யுத்தத்தை அடுத்து எரிவாயு விலை ஏறியபோது, சுவாலையை நம்பி வாழும் செக் கண்ணாடித் தொழில் திணறிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலிலே அமெரிக்கா சீனப் பொருள்கள் மீது 145 வீதம்வரை தீர்வை விதித்து, மறுமாதமே அதனைக் குறைத்தது. அவ்வேளை நத்தார்ப் பொருள் வணிகர் எழுப்பிய கூக்குரல், ஒரு பண்டிகை எவ்வளவு தூரம் ஒரேயொரு நாட்டின் தொழிற்சாலைகளிலே தங்கியிருக்கிறது என்பதைப் புலப்படுத்திற்று. தீர்வை உயர்ந்ததனால் மட்டும் கைப்பணி தழைத்துவிடாது. இயந்திரம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம்பெயர்வதே பெரும்பாலும் நிகழும்.

சென்ற நத்தாருக்கு நானும் மனைவியும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றியிருந்து, கடையில் வாங்கிய மணிகளையும் மெல்லிய கம்பியையும் கொண்டு நட்சத்திரம் செய்ய முற்பட்டோம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்று இரண்டே நட்சத்திரங்களை முடித்தோம். கம்பியை மிகையாக இறுக்கியதால் சில மணிகள் உடைந்தன. மகளின் விரலிலே கம்பி கீறிற்று. ஆயினும் அவள் அந்நட்சத்திரத்தைப் பிறர் தொடவும் விடவில்லை. அன்று இரவு எனக்கு ஓர் உண்மை உறைத்தது. கடையிலே தொங்கும் பிளாஸ்ரிக் நட்சத்திரத்தின் விலைக்கு எங்கள் நட்சத்திரத்தை விற்பதாயின், நால்வரின் ஒரு மாலை உழைப்புக்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. எங்களுக்கு அது இன்பமாயிருந்தது. ஏனெனில் மறுநாட் சோறு அதில் தங்கியிருக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மறந்து கைப்பணியைப் புகழ்வது எளிது. யுனெஸ்கோவின் அங்கீகாரம் பயனற்றது என்று நான் கூறவில்லை. அது உலகின் கண்ணைத் திருப்புகிறது, வாங்குவோரை ஈர்க்கிறது, இளைஞர்க்குத் தம் ஊர்த்தொழில் இழிவன்று என்னும் துணிவைத் தருகிறது. ஆனால் ஊதுபவரின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை. கற்க வரும் இளைஞருக்கு வாழ்வதற்குப் போதிய வருவாய் இல்லையெனின், பட்டியல் நிலைத்திருக்கும், கைகள் மறைந்துவிடும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இரண்டு. பிள்ளைகளைக் கையாற் செய்யப் பழக்குதல் ஒன்று. ஒரு பொருளைச் செய்து பார்த்தவரே அதன் உழைப்பை மதிக்க அறிவர். பாடசாலைகளிலே கைப்பணியைப் பரீட்சைக்கு உதவாத பாடமென ஒதுக்கும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கைவினைஞரிடம் வாங்குகையில் பேரம் பேசுமுன் அவர் செலவிட்ட மணித்தியாலங்களை எண்ணிப்பார்த்தல் மற்றொன்று. பனையோலைப் பெட்டி முடையும் நம்மூர்ப் பெண்ணுக்கும் பொனிக்லாவிலே மணி கோப்பவருக்கும் இவ்வகையில் வேற்றுமையில்லை. இருவரும் வேண்டுவது புகழ்மொழியன்று; நியாயமான விலையே.