நம்ம டீமில் நம்ம ஆள் எங்கே?

2025 டிசம்பர் 29. விஜய் ஹசாரே கோப்பையில் புதுச்சேரிக்கும் ஜார்க்கண்டுக்கும் மேட்ச். அன்றைக்கு நம் கேப்டன் அமான் கான் 10 ஓவர் போட்டு 123 ரன் கொடுத்தார். லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு வாரிக் கொடுத்ததில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 40 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்திருந்தது. அப்புறம் கேட்கணுமா? எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் மீம் மழை. கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி படிக்க வரும் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மச்சி, உங்க ஊர் கேப்டனாமே, எந்தத் தெரு?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு முடியலை. ஏன்னா அவர் எந்தத் தெருவும் இல்லை. அமான் கான் மும்பையிலிருந்து வந்தவர். உழைத்துச் சம்பாதிக்க வந்த தொழில்முறை ஆட்டக்காரர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எந்த பவுலருக்கும் ஒரு நாள் அப்படி அமையும். என் கோபம் வேற இடத்தில். ஜெயித்தால் நமக்குப் பெருமைப்பட யாரும் இல்லை, தோற்றால் மட்டும் அவமானம் நம்ம ஊர்ப் பெயருக்கா?

கொஞ்சம் பழைய கதை. லோதா கமிட்டி பரிந்துரைகளுக்குப் பிறகு 2018-19 சீசனில் ஒன்பது புது அணிகள் ரஞ்சிக்குள் வந்தன. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கில் ஆறு மாநிலங்கள், அப்புறம் நாம். அதற்கு முன்னால் புதுச்சேரிப் பையன் ரஞ்சி ஆடணும்னா தமிழ்நாட்டு டீமுக்குள்தான் நுழையணும். சென்னை லீக்கில் ஆடி, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி... வில்லியனூரில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் மகனுக்கு நடக்கிற காரியமா அது? அதனால் தனி அணி என்றதும் எங்க ஏரியாவில் உண்மையிலேயே குதித்தோம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில். துத்திப்பட்டு மைதானம் வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு வழியாகப் போனால் சைக்கிளிலேயே எட்டிவிடும் தூரம். ரஞ்சி மேட்ச் நம்ம வயக்காட்டுப் பக்கமா நடக்குதுன்னு நம்பவே முடியலை.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் தெரியுமா? 2018 செப்டம்பரில் விஜய் ஹசாரேயில் முதல் மேட்சே மணிப்பூரை ஜெயித்தோம். மறுநாளே எட்டு பேருக்குத் தகுதி இல்லை என்று பிசிசிஐ அனுமதியை ரத்து செய்தது. எட்டு பேர்! பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில். அவசர அவசரமாக வேறு அணி அறிவிக்க வேண்டியதாயிற்று. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் ஜாதகமே மாறிப்போன கதை.

இப்போ விதியைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. ஒரு மாநில அணி வெளியூர் ஆட்டக்காரர்களை 'கெஸ்ட்' என்று மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். மீதிப் பேர் உள்ளூர். உள்ளூர் என்றால் அங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது அங்கே குடியிருந்தோ படித்தோ வேலை பார்த்தோ இருக்கணும். கவனியுங்க, ஒரே ஒரு வருடம். பி.காம் முடிக்கவே எனக்கு மூன்று வருடம் ஆகுது, 'உள்ளூர்க்காரன்' ஆக ஒரு வருடம் போதுமாம்!

இந்த ஒரு வருட விதியில் புதுச்சேரியில் என்னென்ன நடக்கிறது என்று 2025 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அதிலிருந்த குற்றச்சாட்டுகளைக் கிரிக்கெட் சங்கம் மறுத்தது. அதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் அந்தப் பத்திரிகை எண்ணிச் சொன்ன ஒரு கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கு. 2021 முதல் 29 ரஞ்சி ஆட்டங்களில், புதுச்சேரியில் பிறந்தவர்கள் ஆடியது ஐந்தே ஐந்து பேர்.

சரி, பிறப்பை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதும் சுத்த அபத்தம்தான், ஒத்துக்கிறேன். ஜிப்மரில் பிறந்தவன் எல்லாம் புதுச்சேரிக்காரன் என்றால் பாதி விழுப்புரம் மாவட்டமும் பாதி கடலூர் மாவட்டமும் நம்ம டீமுக்கு வந்துடும் :-) எங்க எல்லையே ஒரு கூத்து. பாகூர் பக்கம் வண்டியில் போனால் எப்போ தமிழ்நாடு, எப்போ புதுச்சேரின்னு பெட்ரோல் விலையையும் ஒயின் ஷாப் போர்டையும் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் பத்து வருடம் படித்தவன் எனக்கு நம்ம ஆள்தான். வங்காளத்தில் பிறந்து முத்தியால்பேட்டையில் வளர்ந்தவனும் நம்ம ஆள்தான். நான் கேட்பது சர்டிபிகேட் இல்லை. இந்த மண்ணில் பந்து பொறுக்கி வளர்ந்தவனா என்பதுதான்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "தம்பி, கெஸ்ட் இல்லேன்னா எலீட் பிரிவிலேயே நிக்க முடியாது." எங்க காலேஜில் கிரிக்கெட் பேசும் சீனியர் அண்ணன் ஒருவர் டீக்கடையில் இதையே சொன்னார். 2024 ஜனவரியில் டெல்லியை அவங்க ஊரிலேயே போய் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயிச்சோமே, மறந்துட்டியா என்றார். மறக்கலை அண்ணா. அன்னைக்கு நானும்தான் துள்ளினேன். டெல்லியைச் சுருட்டியது கௌரவ் யாதவ். மத்தியப் பிரதேசத்துக்காரர், 2022இல் அந்த மாநிலம் முதல்முறை ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர். அருமையான பவுலர். ஆனா அந்த வெற்றியில் நமக்கு மிஞ்சியது என்ன? இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நாம் காலிறுதியை எட்டியதில்லை. வினய் குமார் வந்தார், பங்கஜ் சிங் வந்தார், அபிஷேக் நாயர் வந்தார், பரஸ் டோக்ரா வந்தார், போனார்கள். வந்தவங்க ஒவ்வொருத்தரும் போகும்போது தன் திறமையையும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோயிட்டாங்க. அது அவங்க தப்பில்லை. பின்னால் நின்று கத்துக்க நம்ம ஆள் யாரையும் நிறுத்தாதது நம்ம தப்பு.

காமர்ஸ் படிக்கிறவன் புத்தி எங்கே போகும்? வாடகை என்பது லாப நட்டக் கணக்கில் எழுதும் செலவு. வருடம் முடிந்தால் முடிந்தது, அடுத்த வருடம் மறுபடி கட்டணும். கட்டிடம் என்பது இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் சொத்து. முதல் மூன்று வருடம் வாடகை வீட்டுக்காரன்தான் வசதியாக இருப்பான், வீடு கட்டுறவன் கடனில் விழி பிதுங்குவான். பத்தாவது வருடம் யார் நிம்மதியா இருக்கான்னு பாருங்க. நம்ம டீம் இத்தனை வருடமா வாடகை கட்டிட்டு, "பாத்தியா, மாடி வீட்டில் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

வீடு கட்டினவங்க இருக்காங்களா? இருக்காங்க. விதர்பா. ஒரு காலத்தில் பெரிய டீம்கள் புள்ளி அள்ளிக்கொண்டு போகும் இடம் அது. தங்கிப் படிக்கும் அகாடமி வைத்து சின்னப் பையன்களை வளர்த்தார்கள். அவர்களும் கெஸ்ட் வைத்துக்கொண்டார்கள், இல்லைன்னு சொல்லலை. வாசிம் ஜாபர் ஆடினார், பிறகு கருண் நாயர் ஆடினார். ஆனா சுற்றி நின்றது உள்ளூர்ப் பையன்கள். 2017-18, 2018-19, 2024-25 என்று மூன்று ரஞ்சிக் கோப்பைகள். 2024-25இல் ஹர்ஷ் துபே ஒரே சீசனில் 69 விக்கெட் எடுத்து ரெக்கார்டு வைத்தது விதர்பாவின் சொந்த விளைச்சல். அதே நாக்பூர் பக்கத்தில்தான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகன் உமேஷ் யாதவ், டென்னிஸ் பந்திலேயே ஆடிக்கொண்டிருந்தவர், கிட்டத்தட்ட இருபது வயதில்தான் தோல் பந்தைப் பிடித்து, 2011இல் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்.

"விதர்பா எவ்வளவு பெரிசு, நாம எவ்வளவு சிறிசு" என்பீர்கள். நியாயம். 2011 கணக்கெடுப்பில் நம் நாலு பிராந்தியமும் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் பேர்தான். நாளைக்கே கோப்பை வேணும்னு நானும் கேட்கலை. கோப்பைக்கு வழியில்லாத சின்ன ஊர் எதற்கு டீம் வைத்துக்கொள்ளணும்? தன் பிள்ளைகள் ஆடத்தானே! பிள்ளைகளும் ஆடவில்லை, கோப்பையும் இல்லை என்றால் இது யாருக்கான டீம்?

இன்னொன்று. 2025 ஜனவரியில் ஜம்மு காஷ்மீர் மும்பையை மும்பையிலேயே ஜெயித்தது. ரோஹித் சர்மா, ஜெய்ஸ்வால், ரஹானே, ஷ்ரேயாஸ் என்று இந்திய அணியில் பாதி எதிரில். ரோஹித்தை 3 ரன்னில் தூக்கியது புல்வாமாக்காரர் உமர் நசீர். அந்தக் காஷ்மீர் அணிக்குக் கேப்டன் யார் தெரியுமா? பரஸ் டோக்ரா. நம்மிடம் கெஸ்டாக இருந்துவிட்டுப் போன அதே டோக்ரா! ஆள் அதே ஆள்தான். அங்கே அவரைச் சுற்றி அந்த ஊர்ப் பையன்கள் நின்றார்கள்.

சரி, என்ன பண்ணலாம்? திட்டுவது சுலபம், நானும் சொல்கிறேன், கேட்பவர் கேட்கட்டும். மூன்று கெஸ்ட் இருக்கட்டும். ஆனா ஒரு சீசன் வந்து போகிறவர் வேண்டாம், மூன்று வருடம் தங்கி இங்கேயே பையன்களுக்கும் சொல்லித்தருகிறேன் என்பவர் வேணும். 'உள்ளூர்' என்பதற்கு பிசிசிஐ ஒரு வருடம் கேட்டால் நாமே நமக்கு மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளலாமே, யார் தடுக்கப் போறா? 16 வயது, 19 வயது அணிகளில் வெளியூர் இறக்குமதியே கூடாது. பெரியவர் இடத்தைப் பெரியவர் பிடித்தால்கூடப் பொறுத்துக்கலாம். பதினைந்து வயசுப் பையன் இடத்தைப் பிடுங்கினால் அவன் பேட்டைப் பரண் மேல் போட்டுட்டு பாலிடெக்னிக் சேர்ந்துடுவான், திரும்பி வர மாட்டான். அப்புறம் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம், ஐந்து கொம்யூனுக்கும் ஆளுக்கு ரெண்டு மேட்டிங் விக்கெட், தோல் பந்தில் ஒரு லீக். இதற்கு ஸ்டேடியம் வேண்டாம், அரசுப் பள்ளி மைதானம் போதும்.

இதைச் செய்தால் தோற்போம். நிறையத் தோற்போம், இன்னிங்ஸ் தோல்விகூட வரும். பிளேட் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். இறங்கட்டும்! அங்கே நாலு நாள் வெயிலில் நின்று 20 ஓவர் போட்டுக் கத்துக்கட்டும். அதற்கு முதலில் பொறுமை வேண்டியது நமக்குத்தான். ஒரு மேட்ச் தோற்றால் மீம் போடுவது நாமதானே. அன்னைக்கு நானும் ரெண்டு மீம் பார்வேர்ட் பண்ணினேன், மறைக்க என்ன இருக்கு.

என் பிரண்ட் ஒருத்தன் இருக்கான், பாகூர் பக்கம். இடது கை ஸ்பின்னர். ஏரிக்குக் கீழே அறுவடை முடிந்த வயலில் தாள் கட்டையை வெட்டி பிட்ச் போட்டு ஆடுவோம். அந்தக் கட்டாந்தரையில் டென்னிஸ் பந்தையே ஒரு முழம் திருப்புவான். இவனுக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. எந்த முகாமிலும் யாரும் இவனை விரட்டவில்லை, ஏன்னா அப்படி ஒன்று நடக்கிறதே இவனுக்குத் தெரியாது. இருபது வயசு வரைக்கும் தோல் பந்தைக் கையில் பிடித்ததில்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து போட்டு நடராஜன் ஆஸ்திரேலியா வரைக்கும் போனபோது, 2021இல் பிரிஸ்பேன் டெஸ்ட்டை விடியற்காலை எழுந்து நாங்க சேர்ந்துதான் பார்த்தோம். இவன் ஒண்ணும் பேசலை. ஓவர் முடியும்போதெல்லாம் கையில் இருந்த ரப்பர் பந்தை மட்டும் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

இப்போ சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனிக்குப் போகிற வழியில்தான் துத்திப்பட்டு. மேட்ச் நடக்கிற நாளில் பஸ் ஜன்னல் வழியா வெள்ளை டிரெஸ் தெரியுமாம். "யார் ஆடுறாங்கடா?" என்று எனக்கு மெசேஜ் போடுவான். பெயர்களை டைப் பண்ணி அனுப்புவேன். "யார்றா இவங்கல்லாம்?" என்று கேட்பான்.

நம்பலைன்னா அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகூர் பக்கம் வாங்க. பேட்டை நான் தருகிறேன், அவன் ஆறு பந்தை ஆடிக் காட்டுங்க. அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.