ஆறுதல் பொம்மைக்கும் கூலி உண்டு

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு துணிப் பொம்மை, கீமோ சிகிச்சையில் முடி கொட்டியவருக்கு ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி என்று பிறர் மனசைத் தேற்றக் கையால் எதையாவது செய்துகொடுக்கிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாலு பேர் பார்த்துக் கேட்கத் தொடங்கியதும், இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டை போன்ற ஊரில் அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு தையல் மிஷின் போதும். பக்கத்துச் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலையும், அந்தப் பக்கம் போடியில் இலவம் பஞ்சும் கிடைக்கின்றன. ஆனால் கடை திறக்கும் முன்பே ஊர் ஒரு புத்திமதி சொல்லிவிடும்: ‘இது புண்ணிய காரியம்மா, இதுல போய் காசு பாக்காதே.’ சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் புத்திமதி தவறு. ஆறுதலுக்காகத் தொடங்கும் கைத்தொழிலில் முதல் கணக்கு, செய்கிறவரின் கூலிக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நம் கண்ணெதிரே இரண்டு சான்றுகள் உள்ளன. 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்தும் உமா பிரஜாபதியும் அவர் குழுவினரும் சுற்றுவட்டார மீனவப் பெண்களை உட்காரவைத்து, தையல் கூடத்தில் மிஞ்சிய துணித் துண்டுகளில் விரல் நீளப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதுதான் சுனாமிகா. கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்தவர்களின் கைக்கு வேலை கொடுத்து மனசைத் தேற்றுவதே நோக்கம். அந்தப் பொம்மைக்கு விலை போடவில்லை. அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குப் போனது. சுனாமிகாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்கியவருக்குத்தான் அது இலவசம். செய்த பெண்ணுக்கு நன்கொடையிலிருந்து வருமானம் போனது. நூற்றுக்கணக்கான பெண்கள் அதில் ஈடுபட முடிந்ததற்கு அந்த வருமானமும் ஒரு காரணம்.

இரண்டாவது, கேரளத்தின் சேந்தமங்கலம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஓணத்துக்காக நெய்து அடுக்கியிருந்த கைத்தறிச் சேலைகள் சேற்றில் ஊறிப்போயின. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் இருவரும் அவற்றைக் கழுவி, கிருமி நீக்கி, ‘சேக்குட்டி’ என்ற பொம்மையாக்கும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். ஒரு சேலையில் சுமார் 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய். ஆக, குப்பைக்குப் போக இருந்த சேலை 9,000 ரூபாய் ஆனது. அந்தப் பணம் நெசவாளர்களுக்குப் போனது. ஆனால் பொம்மை செய்தவர்கள் தன்னார்வலர்கள், கூலியில்லாமல் செய்தவர்கள். பேரிடர்க் காலத்தில் அது சரி, பாராட்ட வேண்டியதும்கூட. அதே கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண் வருஷக்கணக்கில் தொழில் நடத்த முடியாது. 25 ரூபாய் விலைக்குள் செய்தவரின் நேரத்துக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

சித்தையன்கோட்டையில் ஒருவர் துணிப் பொம்மை தைக்கிறார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெட்டி, தைத்து, புறம் திருப்பி, பஞ்சு அடைத்து, கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் எம்பிராய்டரி போட (பொத்தான் கழன்றால் குழந்தை விழுங்கிவிடும்) ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்போம். துணி, பஞ்சு, நூல் 25 ரூபாய். உறையும் அனுப்பும் செலவும் 15. ‘பாவம், நோயாளிக் குழந்தைக்குத்தானே’ என்று 80 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 40. மணிக்கு 27 ரூபாய்கூட இல்லை. கடையில் வைத்து இருபது சதவீதம் கழிவு கொடுத்தால் மணிக்கு 16 ரூபாயாக இறங்கிவிடும். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய், எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. அந்தக் கூலியையாவது சேர்த்தால், கடைக் கழிவும் போக, பொம்மையின் விலை 130 ரூபாயை ஒட்டி வர வேண்டும். இதைக் கொள்ளை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்பார்கள். சோறாக்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியபின் மிஞ்சும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் ‘சும்மா’ என்று பெயர் வைத்தது யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விலை கூடினால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி நியாயமானது. மிஷின் பொம்மை சந்தையில் மலிவாகக் குவிந்து கிடக்கிறது. இதே கேள்வி காதிக்கும் வந்தது. 1935-ல் நூற்பவர்களுக்கு வாழக்கூடிய கூலி தர வேண்டும் என்று காந்தி வற்புறுத்தியபோது, துணி விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று காதி இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்பது அவர் விருப்பம். அகில இந்திய சர்க்கா சங்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை ஏற்றது. ஏழையின் பெயரால் விற்கும் துணியில் ஏழைக்கே கூலி குறைவென்றால் அந்த இயக்கத்துக்கு என்ன பொருள் என்பதே அவர் வாதத்தின் சாரம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமம் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆதரவற்றவர்களுக்கு இல்லம் நடத்திய அதே வளாகத்தில் காதியும் கிராமத் தொழில்களும் நடந்தன. ஆறுதலையும் வருமானத்தையும் அங்கே யாரும் எதிரெதிராக நிறுத்தவில்லை.

விலைக்கு விற்றால் அன்பு மாசுபடும் என்போருக்கு ஒன்று சொல்லலாம்: செவிலியர் சம்பளம் வாங்குகிறார், அதனால் அவர் பரிவு போலியாகிவிடவில்லை. மாசு வேறு வழியில் வரும். பொம்மை வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்பதுதான் மோசடி. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளுக்கான குரோஷா ஆக்டோபஸ் பொம்மை உலகமெங்கும் பரவியது. மருத்துவப் பலனுக்கு உறுதியான ஆதாரம் அதற்கே இல்லை. பொம்மை பொம்மையாக விற்கட்டும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் தைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் விற்றால் சட்டத்தை மீறியவராகிவிடுவார். தெரிந்தால் ஒரு கைவினைஞர் அடையாள அட்டையோடு முடிந்துபோகும். தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே தொழில் தொடங்க நினைக்கும் இளம் தாய்மார்கள் இந்த வரம்பிலேயே விடுபட்டுப்போகிறார்கள். அதைத் தளர்த்த வேண்டும். மகளிர் திட்ட அலுவலர்கள் கைவினைஞர் பதிவு முகாமைத் திண்டுக்கல்லில் வைத்து அலையவிடாமல் பேரூராட்சிக்கே கொண்டுவர வேண்டும்.

கடனைவிட முக்கியம் ஆர்டர். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும், மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளும் ஆண்டுக்கு இத்தனை பொம்மை, இத்தனை தொப்பி என்று சுய உதவிக் குழுக்களிடம் வாங்க முன்வரட்டும். நன்கொடை தர விரும்பும் வணிகர்கள் பொம்மையை ஓசியில் கேட்காமல், அதன் முழு விலையைத் தாங்கிக்கொள்ளட்டும். நோயாளிக் குழந்தைக்கு அது இலவசமாகவே போய்ச் சேரும். ஆர்டரோடு பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும், மீதி சரக்குச் சேர்ந்த பதினைந்து நாளுக்குள். பில் பாஸாக மூன்று மாதம் காத்திருக்கும் வசதி, துணிக்கும் பஞ்சுக்கும் கைக்காசைப் போட்டவருக்கு இல்லை.