பேய் தேடி வாற தம்பிமாருக்கு

முள்ளிவாய்க்காலுக்கு இருட்டில் கமராவோடு வந்து "இங்க ஏதோ இருக்கு" என்று குசுகுசுக்கிற யூரியூப் தம்பிமாரே, ஓம், இருக்கு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள அந்த மண்துண்டைப் புதையல் தீவாக்கிப்போட்டீர்கள். புலிகளின் தங்கமாம், அதைக் காக்கிற ஆவியாம்.

தங்கம் என்றால் நீதிமன்ற அனுமதி, பெக்கோ, பொலிஸ், ஆமி எல்லாம் வரும். கிண்டுவார்கள், ஒன்றும் வராது, மூடுவார்கள். முல்லைத்தீவில் இது எத்தனையோ தரம் நடந்தாச்சு.

அதே மாவட்டத்தில், கொக்குத்தொடுவாயில், 2023 ஜூனில் தண்ணிக்குழாய் போடக் கிண்டினபோது எலும்புகள் வந்தன. அந்த நவம்பரில் நின்ற அகழ்வு 2024 ஜூலையில்தான் திரும்பத் தொடங்கியது. காசில்லையாம். மொத்தம் 52 பேரின் எச்சங்கள். அந்தக் குழியடியில் ஆவி பிடிக்கிற மீற்றரோடு ஒருத்தரையும் நாங்கள் காணவில்லை.

2025 மேயில் ஆமி பொலிஸிடம் கையளித்த தங்கத்தில், புலிகளின் வைப்பகங்களில் எங்கட சனம் வைத்த நகைகளும் அடக்கம். பூதம் காக்கவில்லை தம்பிமாரே, பதினாறு வருசம் ஆமிதான் காத்தது.

அடுத்தமுறை பகலில் வாங்கோ. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் குந்தத் தொடங்கின அம்மாமாரிடம் மைக்கை நீட்டுங்கோ. பற்றரி கூடுதலாய்க் கொண்டுவாங்கோ, அவர்கள் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும்.