நாளிதழில் வளர்ந்த நற்றமிழ்

மொழி, நூலகப் பேழைக்குள் இருந்து வாழ்வதில்லை. மக்கள் நாள்தோறும் கையில் எடுக்கும் தாளில் இருந்தே வாழ்கின்றது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியால் நிலைநாட்டியவர் திரு.வி. கலியாணசுந்தரனார்.

1883-இல் துள்ளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் கதிரைவேற் பிள்ளையவர்களிடம் தமிழ் பயின்றவர் அவர். சென்னை வெசுலிக் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கியவர், 1917-இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தை விடுத்து, 1910-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சுறுத்திய பணியை நாடிச் சென்றமை எளிய செயலன்று.

அந்நாளில் அரசியல் மேடையின் மொழி ஆங்கிலம். கற்றவர் ஆங்கிலத்திற் பேசினர். கல்லாதவர் பொருளறியாது கைதட்டினர். ஆட்சி, வரி, கூலி, உரிமை ஆகியவற்றைத் தமிழில் எழுத இயலுமோ என ஐயுற்றோர்க்குத் திரு.வி.க. தந்த விடை வாதுரையன்று. நாள்தோறும் எழுதிய ஆசிரியவுரை. சிறுசிறு தொடர்கள், வினாவும் விடையுமாய் அடுக்கிவரும் ஓட்டம், படித்தவன் வியக்கவும், படிக்கக் கேட்டவன் விளங்கிக்கொள்ளவும் வல்ல நடை.

எழுதியதோடு அவர் அமைந்தாரிலர். 1918-இல் வாடியா முதலியோருடன் நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே துணைவியாரை இழந்தார், எழுதுகோலை இழந்தாரிலர். 1920-இல் தொடங்கிய 'நவசக்தி', கல்கி போன்றோர்க்குப் பயிற்சிக் களமாயிற்று. 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்', 'பெண்ணின் பெருமை', 1944-இல் வந்த 'வாழ்க்கைக் குறிப்புகள்' என நூல்கள் தொடர்ந்தன. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே, தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பார்வை மங்கிய முதுமையிலும், தாம் சொல்லப் பிறர் எழுத, நூல் யாத்தார். 1953-இல் மறைந்தார்.

அவர்தம் இதழ்ப் பெயர்கள் இரண்டும் வடசொற்களாயிற்றே என நம்மவருட் சிலர் வினவுவர். உண்மையே. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் நெறியை அவர் முற்றும் மேற்கொண்டாரிலர். ஆயினும், ஆலைத் தொழிலாளியின் கையில் தமிழ் அரசியலைக் கொண்டு சேர்த்தவர் அவர். நாமோ தூய சொற்களை ஆக்கி, அவற்றை நமக்குள்ளேயே வழங்கி மகிழ்கின்றோம். வழக்கில் ஏறாத சொல், பெட்டியுட் பூட்டிய பொன். அதனால் யாருக்கு என்ன பயன்?

இன்றைய செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஆங்கிலக் கலவை பெருகிவிட்டதென நாம் வருந்துகின்றோம். வருந்துவது போதாது. அங்கே பணிசெய்யத் தமிழ் கற்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேரை அனுப்பினோம்? தமிழ் படித்தவன் வகுப்பறைக்கே உரியவன் என்று எண்ணியிருந்தால், 'தேசபக்த'னுக்கு ஆசிரியர் கிடைத்திருப்பாரா?

தமிழ் கற்ற இளைஞரே! விலைவாசியைத் தமிழில் எழுதுக. வழக்குமன்றத் தீர்ப்பைத் தமிழில் எழுதுக. உழவன் துயரைத் தமிழில் எழுதுக. நாள்தோறும் எழுதுக. தூய்மையும் எளிமையும் ஒரே தொடரில் நிற்கும் என்பதை எழுதியே காட்டுக. திரு.வி.க. விட்ட இடத்திலிருந்து தொடங்குவதே அவருக்கு நாம் செய்யும் நன்றி.