அடுத்த வீட்டுக்காரர் காணாமல் போனால் நமக்கென்ன?



அண்மையில் இரண்டு நாட்கள் ஒரு தேவாலய மண்டபத்தில் தொண்டூழியம் செய்தேன். தங்கள் நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர்கள், தாக்கப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கு ஆதரவாகக் கிறிஸ்துவர்கள் நடத்திய மாநாடு அது. நாற்காலி அடுக்கினேன். மீகூன் பொட்டலம் கொடுத்தேன். மாலையில் இலவசச் சட்ட ஆலோசனை மேசையில் உட்கார்ந்தேன். நான் கிறிஸ்துவன் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவன்.

செய்தி தெரிந்ததும் நம் தோழர்கள் சிலர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். "என்ன அண்ணே, நம்ம பிள்ளைங்கள மதம் மாத்துறவங்களுக்கா போய் வேலை செய்றீங்க?" என்றார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏழை வீட்டில் நோயாளி படுத்திருக்கும்போது அரிசிப் பையோடு வந்து, சாமி படத்தைக் கழற்றச் சொல்வது தவறு. அதை ஏற்பாட்டாளர்களிடமும் முகத்துக்கு நேரே சொன்னேன். மூத்த போதகர் ஒருவர் தலைகுனிந்து, அப்படிச் செய்கிறவர்களால் தங்களுக்கும் வெட்கம்தான் என்றார். ஆனால் அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு.

2017 பிப்ரவரி 13. பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் போதகர் ரேமண்ட் கோவின் காரைக் கறுப்பு வாகனங்கள் வழிமறித்தன. ஒரு நிமிடத்துக்குள் ஆளைத் தூக்கிப் போய்விட்டார்கள். ஏழைகளுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும் உதவி வந்தவர் அவர். பெர்லிஸில் அம்ரி சே மாட் என்ற முஸ்லிம் சமூகத் தொண்டர் 2016 நவம்பரில் இதே பாணியில் காணாமல் போயிருந்தார். இருவரையும் கொண்டு போனது போலீஸ் சிறப்புப் பிரிவுதான் என்று 2019 ஏப்ரலில் சுஹாகாம் மனித உரிமை ஆணையம் அறிவித்தது. 2025 நவம்பர் 5-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், அரசாங்கமும் போலீசும் இதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. போதகர் காணாமல் போன ஒவ்வொரு நாளுக்கும் 10,000 வெள்ளி இழப்பீடு என்றது. ஆனால் அவர் மனைவி சூசன்னா லியூ இத்தனை ஆண்டுகள் போராடியது பணத்துக்காகவா? கணவர் எங்கே என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான்!

முஸ்லிம்களிடையே மதம் பரப்பினார் என்ற சந்தேகம் போதகர் மேல் இருந்தது. சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு எல்லாருக்கும் சமய உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைக் கட்டுப்படுத்தவும் அதே பிரிவு இடம் தருகிறது. அப்படியானால் குற்றம் சாட்டுங்கள், நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். நடுத்தெருவில் ஆளைத் தூக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

இந்த வலி நமக்குப் புதிதல்ல. ஈப்போவின் இந்திரா காந்தியை மறந்துவிட்டோமா? 2009-இல் மதம் மாறிய கணவர், 11 மாதக் கைக்குழந்தை பிரசன்னா டிக்‌ஷாவைத் தூக்கிப் போனார். பிள்ளைகளை ஒருதலைப்பட்சமாக மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-இல் தீர்ப்பளித்தது. 2025-லும் அந்தத் தாய் மகளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பெண்ணுக்குக் கணவர் இல்லை, இன்னொரு பெண்ணுக்கு மகள் இல்லை. இருவர் கையிலும் தீர்ப்புக் காகிதம் மட்டும்!

மாநாட்டில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று அங்கே குண்டுக்குப் பலியானவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெடித்த குண்டு அவர்களை மட்டும் விட்டுவைத்ததா?

2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, பாடாங் ஜாவா மாரியம்மன் கோவிலை இடித்தார்கள். அன்று மற்ற சமயத்தார் நமக்காகப் பேச வேண்டும் என்று ஏங்கினோம் அல்லவா? அப்படியானால் அவர்கள் வீட்டில் இழவு விழும்போது நாமும் போய் நிற்க வேண்டும். எங்கள் கோவிலுக்கு மட்டும் நீதி கொடு என்று கேட்டால் அது சலுகை. எல்லாருக்கும் கொடு என்று கேட்டால்தான் அது உரிமை.

கடைசியாக, சட்ட மேசையில் நான் எல்லாரிடமும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் யாராவது கடத்தப்பட்டால் காத்திருக்காதீர்கள். அன்றே போலீஸ் புகார் செய்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நேரம், இடம், வாகன எண் அனைத்தையும் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் கேமராப் பதிவை அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். போதகர் கோ கடத்தப்பட்டதை உலகத்துக்குக் காட்டியது அப்படிப்பட்ட ஒரு பதிவுதான்.

அந்தக் கேமராவை வைத்திருந்த வீட்டுக்காரர் எந்தச் சமயம் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

உரிமைப் போராட்டம் தொடரும்!