பழைய என்ஜினைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்!

கொள்ளிடக்கரையில் திருமானூரிலிருந்து தா.பழூர் வரையிலும், மேட்டுப் பக்கம் குன்னம், வேப்பந்தட்டை வரையிலும் போய்ப் பாருங்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில், கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு பழைய ஆயில் என்ஜின் ஒன்று கிடக்கும். “புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, கை ஓயச் சுற்றியும் கிளம்பவில்லை” என்று ஒதுக்கப்பட்ட என்ஜின். ஒரு நாள் பழைய இரும்பு வண்டி வரும். எடை போட்டு, நாலு காசைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போகும். அதன் பிறகு வாடகை என்ஜினுக்கு அலைய வேண்டும். அல்லது கடன் பட்டுப் புதிது வாங்க வேண்டும்.

இது தேவைதானா? பெரும்பாலும் தேவையில்லை என்பதே நமது கருத்து.

“இலவச மின்சாரம் இருக்கும்போது ஆயில் என்ஜின் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது உண்மை. விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் மனுக் கொடுத்துவிட்டு இணைப்புக்குக் காத்திருப்பவன் என்ன செய்வான்? பட்டா தன் பேரில் இல்லாத குத்தகை விவசாயி எங்கே போவான்? வாய்க்காலிலும் குட்டையிலும் கிடக்கும் தண்ணீரை இறைத்துக் கடைசித் தண்ணீர் கட்ட வேண்டியவனுக்கு யார் துணை? அவர்களுக்கு இந்த என்ஜின்தான் கதி. இதோடு ஓடும் பம்பு 25 அடிக்குமேல் தண்ணீரை உறிஞ்சாது. அது காற்றழுத்தத்தின் கணக்கு, என்ஜினின் குற்றமல்ல. ஆகவே ஆழ்குழாய்க் கிணற்றுக்கு இது உதவாது. ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் இதுவே போதும்.

இந்த என்ஜின்கள் பிரித்துப் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1929ல் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பிற்கால மாடல் நிமிஷத்துக்கு 650 சுற்று, 6 குதிரைசக்தி. அங்கே 1987ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் என்ஜின்களை வார்த்துக் குவித்தன. ஸ்பானரும் சுத்தியலும் உள்ள எந்த ஊரிலும் அதைத் திறக்கலாம் என்பதே அதன் பெருமை.

வேலை என்ன? முதலில் ஆயிலை வடித்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றி, லைனரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். படி தட்டினால் லைனர் போய்விட்டது. ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. புது ரிங்கை லைனருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை பீலர் கேஜால் அளக்க வேண்டும். சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு இஞ்சுக்கும், ஒரு இஞ்சின் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு இடைவெளி என்பது பட்டறைக் கணக்கு. வால்வைப் பசை போட்டுத் தேய்த்தபின் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கசிந்தால் இன்னும் தேயுங்கள். பிஸ்டன் தலையில் ஈயக் கம்பி வைத்து, ஹெட்டை முடுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், நசுங்கிய கம்பியின் கனமே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவோடு அதை ஒத்துப் பாருங்கள். ஓட்டத் தொடங்கியதும் சில மணி நேரம் முழுப் பாரம் ஏற்றாமல், பிறகு ஆயிலை மாற்றுங்கள். கிராங்க் வளைந்திருந்தால், பிளாக் வெடித்திருந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள். அதை மட்டும் இரும்புக்கடைக்கு அனுப்பலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நாஸில் பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். ஏறினால் “சிறு புள்ளிதானே” என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்தது, கிணற்றுக்குள் என்ஜினை இறக்கி ஓட்டவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி, இறங்கியவனையும் கொல்லும். தூக்கப் போனவனையும் கொல்லும். “இறங்கு” என்று பண்ணையார் சொன்னாலும் மறுப்பதற்கு விவசாயத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. கூலியைவிட உயிர் பெரிது.

“படிக்காதவனுக்கு யந்திரம் புரியுமா?” என்று கேட்பவர்களுக்கு வியத்நாம் பதில் சொல்லியிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மீகாங் டெல்டா விவசாயிகள், படகை ஓட்டும் சிறு மோட்டாரின் விசிறியைக் குழாய்க்குள் அடைத்து, வயலுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். படகு என்ஜின் பம்பாக மாறியது! ராபர்ட் சான்சம் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் 1969ல் இதை எழுதிவைத்திருக்கிறார். நமது நாகப்பட்டினம் மீனவனும் படகின் பின்னால் மாட்டும் என்ஜினைக் கடற்கரையிலேயே பிரித்துப் பூட்டுகிறான். அவனுக்குக் கைவருவது உழவனுக்கு வராதா?

எறையூர் சர்க்கரை ஆலையிலும் அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலும் பிட்டர் வேலை பார்ப்பவர்கள் யார்? இந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள்தானே! ஆலைத் தொழிலாளியின் அளவுகோலும் வயல் தொழிலாளியின் கையும் ஒரு கொட்டகையில் சேர்ந்தால், சாய்ந்து கிடக்கும் என்ஜின் எழுந்து ஓடும். ஆனால் ஊர் மெக்கானிக்கிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலிக்குத் தவணை சொல்லாதீர்கள். அவனும் தொழிலாளிதான்.

கை இருந்தும் பாகம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? கம்பெனிகள் மாடலை மாற்றிவிட்டுப் பழைய பாகங்களைக் கைவிடுகின்றன. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் விவசாயக் கருவிகளும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் லைனர் கொடுக்குமா? கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டமல்லவா வேண்டும்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை: விற்ற என்ஜினுக்குப் பாகமும் விளக்கப் புத்தகமும், அதுவும் தமிழில், நீண்ட காலம் கொடுக்கக் கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ரிங்கும் லைனரும் நாஸிலும் நியாய விலைக்கு விற்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும் கிராமத்துக்கே வந்து, விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுத்தர வேண்டும்.

கிராம சபைக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள். அதுவரை, சாக்கு போர்த்திக் கிடக்கும் என்ஜினை இரும்பு வண்டிக்காரனிடம் தள்ளிவிடாதீர்கள். முதலில் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்!